நோட்டு காலியாக இருக்கிறதே என்று கேட்கும் அம்மாவுக்கு

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. கடலூர் முதுநகரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அரசுப் பள்ளியில் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அதற்கு முன் அங்கன்வாடிக்குப் போனான். காலாண்டு லீவில் நோட்டை எடுத்துப் பார்த்தால் பத்துப் பக்கம்கூட நிரம்பவில்லை. ட, ப, ம, கொஞ்சம் படங்கள், அவ்வளவுதான். 3-ஐத் திருப்பிப் போடுகிறான். வீட்டுப்பாடம் கிடையாது. என்ன சொல்லிக் கொடுத்தாங்க என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல, விளையாண்டோம்' என்கிறான். டீச்சரிடம் கேட்டேன், 'அரும்பு நிலையில இருக்கான், நல்லா வருவான்' என்கிறார். அரும்பு என்றால் ஃபெயிலா?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் என் நாத்தனார் மகள் இவனைவிட ஏழு மாதம்தான் மூத்தவள். எல்.கே.ஜி.யிலிருந்தே தனியார் பள்ளி, இப்போது ஒன்றாம் வகுப்பு. இங்கிலீஷில் வாக்கியம் எழுதுகிறாள். நூறிலிருந்து ஒன்று வரை தலைகீழாகச் சொல்கிறாள். லீவுக்கு வந்திருந்தபோது எல்லார் முன்னாலும் இரண்டு பேரையும் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். என் மகன் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். 'அ, ஆ கூட வரிசையா வரல' என்று மாமியாருக்கு வருத்தம். பையனை நாத்தனார் வீட்டில் விட்டு அந்தப் பள்ளியிலேயே சேர்க்கலாம் என்கிறார். இல்லாவிட்டால் விஜயதசமியிலிருந்து ட்யூஷனாவது வைக்கலாமா? இந்த ஒரு வருடத்தில் பிள்ளைகள் உண்மையில் என்னதான் கற்கிறார்கள்?

— ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒப்பீட்டை முதலில் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பு என்கிறீர்கள். பென்சில் பிடித்து உட்கார்ந்து எழுதுவதில் நாத்தனார் மகளுக்கு இது மூன்றாவது வருடம். உங்கள் மகனுக்கு இப்போதுதான் சில மாதம் ஆகிறது. ஏழு மாதம்'தான்' மூத்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்கு ஏழு மாதம் ஒரு பொருட்டில்லை. ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு அது இதுவரை வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். விரலின் பிடி, உட்காரும் பொறுமை, பேச்சு எல்லாமே இந்த வயதில் மாதத்துக்கு மாதம் மாறுகிறவை.

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் பள்ளிக்கூட ஏற்பாடே வேறு. அங்கே அரசுப் பள்ளிகளே சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. இங்கே மாநிலப் பாடத்திட்டம், மூன்று பருவமாகப் பிரித்த புத்தகம். தமிழ்நாட்டில் ஐந்து வயது நிரம்பினால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம், 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையோ ஆறு வயது என்கிறது. ஆகவே 'ஒன்றாம் வகுப்பு' என்ற ஒரே பெயரில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஆறரை வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. குடும்பத்தில் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அளக்கும்போது இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அரும்பு என்றால் ஃபெயில் கிடையாது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் எழுத்தும் எண்ணும் விட்டுப்போன சின்னப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டில் 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பார்ப்பார்கள். ஒன்றாம் வகுப்புக்குரிய நிலையே அரும்புதான். மூன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை இன்னும் அரும்பில் இருந்தால் யோசிக்கலாம். உங்கள் மகன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறான். பெயர் அழகாகத்தான் வைத்தார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று பெற்றோருக்கு ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கலாம்.

வருடக் கடைசியில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? 2021-இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முடியும்போது எட்ட வேண்டிய இலக்கு என்று சொல்வது இவ்வளவுதான்: நாலைந்து எளிய சொற்கள் உள்ள, முன்பு பார்க்காத ஒரு சின்ன வாக்கியத்தைப் படிக்க வேண்டும். 99 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். எளிய கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும். இது ஏப்ரலுக்கான இலக்கு, அக்டோபருக்கு இல்லை.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒன்றாம் வகுப்பில் பிள்ளை கற்பதில் பெரும்பகுதி நோட்டில் ஏறாது. அதனால்தான் நோட்டைப் பார்க்கிற எல்லா அம்மாக்களும் கவலைப்படுகிறார்கள்.

ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். டீச்சர், 'எல்லாரும் நோட்டை எடுத்து வைங்க' என்பார். பாதிப் பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். காதில் விழாமலும் இல்லை, அடமும் இல்லை. வீட்டில் இதுவரை யாரும் அவனை 'எல்லாரும்' என்று கூப்பிட்டதே கிடையாது. 'டேய் தம்பி', 'தங்கம்' என்று அவனைப் பார்த்துச் சொன்னால்தான் அது அவனுக்கான பேச்சு. முப்பது பேரைப் பார்த்துச் சொல்வதில் தானும் அடக்கம் என்று பிடிபடச் சில பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் ஆகிவிடும். அதற்கு அப்புறம்தான் பாடம் என்று ஒன்றை நடத்தவே முடியும். இதோடு சேர்ந்து இன்னும் எத்தனையோ: தன் முறை வரும்வரை வரிசையில் நிற்பது, ஒருவன் தள்ளிவிட்டால் திருப்பி அடிக்காமல் 'டீச்சர், இவன் தள்ளிட்டான்' என்று வாக்கியமாகச் சொல்வது, தன் தண்ணீர் பாட்டிலை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கொண்டுவருவது, பாத்ரூம் போகணும் என்று கேட்க வெட்கப்படாமல் இருப்பது. காலை உணவுத் திட்டத்தில் கிழமைக்கு ஒரு பலகாரம். கிச்சடியா உப்புமாவா என்பதை வைத்தே இன்று என்ன கிழமை என்று சொல்லிவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஒப்பிப்பதைவிட என் கணக்கில் அது மேல்.

இனி எழுத்து. ட, ப, ம என்று மூன்றே எழுத்துதானா என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அ, ஆ என்று தொடங்கிய தலைமுறை உங்கள் மாமியார், அவருக்கு அது இன்னும் குறையாகத் தெரியும். அ-வை எழுதிப் பாருங்கள், எத்தனை சுழி, எத்தனை திருப்பம். ட-வும் ப-வும் நேர்க்கோடுகள். சின்னக் கைக்கு எளிதில் வருகிற வடிவத்தில் தொடங்கி, அந்த எழுத்துகளைக் கொண்டே உடனே சொற்களுக்குப் போவது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நெடுநாளாக உள்ள ஒரு முறை. அ-விலிருந்து தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலும் தப்பில்லை. உங்கள் டீச்சர் முதல் வழியில் போகிறார். ட, ப, ம மூன்றோடு புள்ளியையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும்.

ஒரு வேலை செய்யுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'படம்' என்றும் 'பட்டம்' என்றும் பெரிதாக எழுதி வையுங்கள். சோதனை மாதிரி இல்லாமல், காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள்: 'இதுல எதுடா பறக்கும்?' அவன் சரியாகக் காட்டிவிட்டால், இந்த நான்கு மாதத்தில் அவனுக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று யோசியுங்கள். பேசுகிற பேச்சைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வடிவம் உண்டு, இடமிருந்து வலமாகப் போக வேண்டும், நடுவில் புள்ளி வைத்த ஒரு சின்ன எழுத்து கூடினால் சுவரில் மாட்டுகிற பொருள் வானத்தில் பறக்கிற பொருளாகிவிடும். இத்தனையும் தெரிந்தால்தான் அந்த விரல் சரியான சொல்லைத் தொடும். நோட்டில் பத்துப் பக்கம் ட, ட, ட என்று எழுதினால் இதில் ஒன்றுகூட வராது.

பார்த்து எழுதுவது வேறு, படிப்பது வேறு. போர்டில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதிக்கொண்டு வந்து, அதில் ஒரு சொல்லைக் கையால் மூடிவிட்டு அடுத்த சொல் என்ன என்று கேட்டால் விழிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறோம். நோட்டு நிரம்பியிருப்பதால் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வரை யாருக்கும் சந்தேகமே வராது. நாத்தனார் மகள் அப்படி என்று நான் சொல்லவில்லை. அவளை நான் பார்த்ததில்லை, நன்றாகவே படிக்கிற பிள்ளையாக இருக்கலாம், சந்தோஷப்படுங்கள். தயவுசெய்து போய் அவளைச் சோதித்துவிடாதீர்கள்.

அடுத்து உயிர்மெய் வரும்போது உங்கள் மகன் கொஞ்சம் திணறுவான், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். எண்ணிக்கையில் பெரிய கஷ்டமில்லை, ஏனென்றால் குறிகள் திரும்பத் திரும்ப வருகிறவை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 'கெ' எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, வாயோ க-வின் ஒலியில்தான் தொடங்குகிறது. 'கொ' வந்தால் எழுத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். கண் பார்க்கிற வரிசையும் வாய் சொல்கிற வரிசையும் அங்கே ஒத்துப்போவதில்லை. உகரத்துக்கு ஒரே குறியும் கிடையாது. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து இன்னொரு மாதிரி. 'மொட்டு' என்பதை ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது 'மெ... மா...' என்று நின்று, மறுபடி பின்னால் போய், உதட்டை அசைத்துப் பார்த்து, திடீரென்று 'மொட்டு!' என்று கத்தும். அந்த இடைவெளியில் நாம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலான வீட்டில் பொறுமையில்லாமல் நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

எண்களுக்கு வருவோம். நூறிலிருந்து தலைகீழாகச் சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது பாட்டு ஒப்பிப்பது போலவும் இருக்கலாம், எண்ணிக்கை தெரிந்து சொல்வதாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் பிரித்தறிய முடியாது. ஒன்றாம் வகுப்பில் நாங்கள் பார்க்கிறது வேறு. ஏழு புளியங்கொட்டையைத் தரையில் வரிசையாக வையுங்கள், எண்ணச் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு விரல் ஒரு வேகத்தில் போகும், வாய் ஒரு வேகத்தில் போகும். ஏழு கொட்டைக்கு ஒன்பது என்று வரும். ஒரு கொட்டைக்கு ஒரு எண் என்று விரலும் வாயும் சேர்வதுதான் முதல் படி. சரியாக 'ஏழு' என்று முடித்தானா? உடனே, 'அப்போ மொத்தம் எத்தனை இருக்கு?' என்று கேளுங்கள். மறுபடி ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டுவிட்டதென்றால், அவன் கண்முன்னாலேயே அதே ஏழு கொட்டையை நன்றாக இடைவெளி விட்டுப் பரப்பி வைத்து, 'இப்போ கூடிடுச்சா, அப்படியேதான் இருக்கா?' என்று கேளுங்கள். 'கூடிடுச்சு' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே சென்ற நூற்றாண்டில் இதைத்தான் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். பரப்பினாலும் எண்ணிக்கை மாறாது என்ற உறுதி ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் பலருக்கு வருகிறது. வராத பிள்ளைக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்தால் விடையை மனப்பாடம் செய்துகொள்ளும், அவ்வளவுதான்.

இருபத்தொன்பதுக்கு அப்புறம் 'இருபத்துப் பத்து' என்று சொல்கிறானா? சொன்னால் எனக்கு எழுதுங்கள், நான் சந்தோஷப்படுவேன். யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு எண்ணை அவனே கட்டியிருக்கிறான். எண்களின் ஒழுங்கு அவனுக்குப் புரிகிறது, முப்பது என்ற பெயர்தான் இன்னும் தெரியவில்லை.

முதுநகரில் இருக்கிறீர்கள், மீன் வாங்கப் போகாத வாரம் இருக்காது. கூறு கட்டி வைத்திருக்கும்போது அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். 'எந்தக் கூறுல அதிகம்?' என்று கேளுங்கள். ஒரு கூறில் நாலு பெரிய சங்கரா, பக்கத்துக் கூறில் பத்துச் சின்ன கிழங்கான். எண்ணிக்கையில் அதிகம் எது, சாப்பிடுவதற்கு அதிகம் எது என்று அவன் உங்களோடு வாதாடினால் ஒரு வாரக் கணக்குப் பாடம் அங்கேயே முடிந்தது. வீட்டில் மீன் துண்டை ஆளுக்கு இரண்டு என்று தட்டில் வைக்கிற வேலையையும் அவனிடமே விடலாம். மாமியாருக்கு முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

3-ஐத் திருப்பிப் போடுவது இந்த வயதில் மிகச் சாதாரணம். ஒரு சொம்பை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சொம்புதான் என்றே பிறந்ததிலிருந்து அவன் பழகியிருக்கிறான். எழுத்தும் எண்ணும் மட்டும்தான் திசை மாறினால் தப்பாகிவிடுகிற பொருள்கள். அந்த விதி விளங்கி, கையும் அதற்குப் பழக ஏழு வயதுவரைகூட ஆகலாம். சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். பக்கத்தில் சரியான 3 ஒன்றை எழுதி வைத்தால் போதும்.

பென்சில் பிடிக்கக் கை வலுப்பட வேண்டும், அதற்கு நோட்டே தேவையில்லை. சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், நீங்கள் வாசலில் கோலப்புள்ளி வைக்கும்போது ஓரத்தில் அவனுக்கு ஒரு மூன்று புள்ளிக் கோலம் கொடுங்கள். விஜயதசமி என்று எழுதியிருக்கிறீர்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதவைக்கிறோமே, இந்த வயதுக்கு அதைவிடப் பொருத்தமான எழுத்துப் பயிற்சி கிடையாது. அன்று ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் குறை. இந்த வருடம் தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைக்காமல் இருந்து பாருங்கள்.

ட்யூஷன் வேண்டாம். வீட்டுப்பாடம் இல்லையே என்பதையும் குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே வருடம் நவம்பரில் மத்திய அரசும் மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் அதையே எழுதியது. உங்கள் பள்ளி விதிப்படிதான் நடக்கிறது. தெரு ட்யூஷனில் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காரவைத்து 'அ'-வை நூறு தடவை எழுதச் சொல்வார்கள், பகலெல்லாம் பள்ளியில் மெல்லக் கட்டியதை அது கலைத்துவிடும். அந்த நேரத்துக்கு அவன் தெருவில் ஓடட்டும்.

'என்ன சொல்லிக் கொடுத்தாங்க' என்ற கேள்வியையும் மாற்றிப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க நடந்ததைத் தொகுத்துச் சொல்வது ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆகாத காரியம். அதனால்தான் 'ஒண்ணும் இல்ல' என்று முடித்துவிடுகிறான். 'உன் பக்கத்துல யார் உக்காந்தா?', 'டீச்சர் பாடின பாட்டை எனக்கும் சொல்லிக் குடு', 'இன்னிக்கு யார் அழுதாங்க?' என்று சின்னதாகக் கேட்டால் கொட்டுவான். நீங்கள் மாணவியாக உட்கார்ந்து அவன் டீச்சராக நின்றால் வகுப்பு முழுவதும் தெரிந்துவிடும். டீச்சர் எப்படி அதட்டுகிறார் என்பது உட்பட.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த இடம், நோட்டும் இல்லை, 3-உம் இல்லை. எல்லார் முன்னாலும் எழுதச் சொன்னபோது அவன் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து போனதுதான். 'எனக்கு இது வராது' என்ற எண்ணம் இந்த வயதில் ஒரு பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால், எழுத்தை மறந்ததைப் போல அதைச் சுலபமாக மறக்கவைக்க முடியாது. புத்திசாலிப் பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள், ஏனென்றால் தான் பின்தங்கியிருப்பது அவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது. இன்னும் ஒரு மாதத்துக்கு வீட்டில் அவனை யாரும் 'எழுதிக் காட்டு' என்று கேட்க வேண்டாம். அந்தச் சம்பவத்தைப் பேச்சிலும் எடுக்க வேண்டாம், கிண்டலாகக்கூட. தீபாவளிக்கு நாத்தனார் குடும்பம் வந்தால், அவர்கள் வருவதற்கு முன்பே உங்கள் கணவர் தன் அக்காவிடமோ தங்கையிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். இது நீங்கள் சொன்னால் வேறு மாதிரிப் போய் முடியும், அவர் வாயிலிருந்து வருவதே நல்லது. இரண்டு பிள்ளைகளையும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அனுப்பிவிடுங்கள். மணலில் அவளே அவனுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பாள், அதில் போட்டி இருக்காது.

மாமியாரின் யோசனையைப் பற்றி என் கருத்து நேரடியானது. ஐந்தரை வயதில் அம்மா அப்பாவைப் பிரிந்து இன்னொரு வீட்டில் இருந்து படிக்க வேண்டிய எதுவும் ஒன்றாம் வகுப்பில் இல்லை, எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி. ராத்திரி அவன் சொல்கிற கதைக்கு 'ம்' கொட்ட ஆள் வேண்டும். பேச்சு வளர்கிற அளவுக்குத்தான் படிப்பும் வளரும். அவரிடம் இதை மறுப்பாகச் சொல்லாமல், ஒரு வேலையாகக் கொடுத்துப் பாருங்கள். படுக்கும்போது பேரனுக்கு ஒரு கதை, நடுநடுவே 'அப்புறம் என்ன ஆச்சு சொல்லு' என்று அவனையும் பேசவைப்பது. அ, ஆ வரிசையையும் பாட்டாக அவரே சொல்லிக் கொடுக்கட்டும். அதில் கெடுதல் ஒன்றுமில்லை, அவருக்கும் மனம் ஆறும். குடும்பமாகவே புதுச்சேரிக்குக் குடிபோவதாக இருந்தால் அது வேறு விஷயம். அப்போதும் வருட நடுவில் மாற்றாமல் புது வகுப்பு தொடங்கும்போது மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில விஷயங்களில் காத்திருக்கக் கூடாது. பின்னாலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டால் திரும்புவதில்லை, டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான் என்றால் காதைப் பார்க்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு ட-வும் த-வும் ஒரே மாதிரி விழும், டீச்சருக்கு அது கவனக்குறைவாகத் தெரியும். புத்தகத்தை மூக்கருகில் வைத்துப் பார்ப்பது, கண்ணைச் சுருக்குவது, தலையைச் சாய்ப்பது இருந்தால் கண் பரிசோதனை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலேயே இரண்டையும் பார்த்துவிடலாம். பள்ளிக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க நடமாடும் மருத்துவக் குழு வரும், அது எப்போது என்றும் டீச்சரிடம் கேட்டுவையுங்கள். முழு வாக்கியமாகப் பேசவில்லை, வெளியாட்களுக்கு அவன் பேச்சு பாதிகூடப் புரியவில்லை, பள்ளிக்குப் போக மறுத்துத் தினமும் வயிற்றுவலி என்கிறான் என்றாலும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. பொதுவாகச் சொல்லிவைக்கிறேன்.

ஐப்பசி பிறந்தால் மழை. கடலூருக்கு எத்தனை நாள் லீவு விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம் பருவம் அப்படித்தான் துண்டு துண்டாகப் போகும். உயிர்மெய்யும் அப்போதுதான் நடக்கும் என்பதால் லீவு நாட்களில் ஒரு பத்து நிமிடம் மட்டும் அரிசித் தாம்பாளத்தில் டீச்சர் கடைசியாக நடத்திய எழுத்தை வைத்து விளையாடுங்கள். எது நடத்தினார் என்பதை லீவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களாக முன்னால் ஓட வேண்டாம். பொங்கல் முடிந்த பிறகும் 'படம்', 'பட்டம்' இரண்டையும் பிரித்துக் காட்ட முடியவில்லை, பத்துக் கொட்டையை விரல் வைத்து எண்ண முடியவில்லை என்றால் டீச்சரைப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள். அப்போது அவன் எழுதிய ஒரு பக்கத்தைக் கடிதத்தோடு வையுங்கள், பார்த்து எழுதியதாக இல்லாமல், அவனாகவே கிறுக்கியதாக.